ஜன்னல் பக்கத்துக் கால்

அக்டோபர் 24, வெள்ளி

இந்த டைரி என் கணவருடையது. பஸ் டெப்போ யூனியனில் கொடுத்தார்கள். ஜனவரி முதல் தேதியில் ‘இன்று முதல் தினமும் எழுத வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் தேதியிலிருந்து வெள்ளையாகக் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை நேரம் குறிப்பதற்காக எடுத்துப் போனேன். மாத்திரைகள் அவரோடு அம்பத்தூருக்குப் போய்விட்டன. டைரி என்னோடு வந்துவிட்டது.

விவரம் வருமாறு. அக்டோபர் ஒன்பதாம் தேதி மாலை எங்கள் இரும்புக் கட்டிலின் ஒரு கால் உடைந்து கட்டில் சாய்ந்தது. அதில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஏகாம்பரம், வயது அறுபது, கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். தீபாவளி ஆஸ்பத்திரியில் போயிற்று. தரையில் படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது, கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இப்போது கட்டிலே இல்லை. ஆகவே அவருடைய அக்கா வேதவல்லி அண்ணி அவரை நேராகத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். நான் கட்டில் வாங்கிப் போட்டதும் அவர் திரும்பி வருவார் என்பது ஏற்பாடு.

வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக டைப் அடிக்கிறேன். விவரம் என்றால் எனக்கு இப்படித்தான் எழுத வரும். எதை எழுத வேண்டியதில்லை என்பதும் தெரியும்.

காலையில் அறையை அளந்தேன். பத்தடிக்கு ஒன்பதடி. அதில் பீரோ ஒன்று, உள்பக்கமாகத் திறக்கும் கதவு ஒன்று. ஜன்னல் ஒன்று, மூன்றடி தள்ளிப் பக்கத்து பிளாக்கின் சுவரைப் பார்த்தபடி. தரைத்தளம், கடல் இரண்டு தெரு தள்ளி. திருவொற்றியூரில் இந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரே வாழ்க்கைதான். உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீப்பெட்டி உரசினால் பசையாக வரும், பெல்ட்டில் பூசணம் பூக்கும். மழைக்காலத்தில் தரையே வியர்க்கும்.

பழைய கட்டிலை இரும்புக் கடையில் போட்டாயிற்று. அது நின்ற இடத்தில் தரையில் நான்கு வட்டங்கள் இருக்கின்றன. மூன்று வெள்ளை. ஜன்னல் மூலையில் இருப்பது பழுப்பு. அதைத் தேய்த்தேன்.

அக்டோபர் 25

புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அம்பத்தூர் போனேன். அண்ணி வீட்டுத் தேக்குக் கட்டிலில், தலைமாட்டில் மயில் செதுக்கிய கட்டிலில், அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கை மயிலின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

“நல்லா சாஞ்சு உக்காருங்களேன்” என்றேன்.

“இருக்கட்டும் கோமு.”

மதியம் எல்லோருக்கும் சோறும் மீன்குழம்பும். அவருக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி, கோஸ் பொரியல். நான் அண்ணியைப் பார்த்தேன். “என்னைப் பாக்காத கோமளா, சோறு வேணாம்னு அவனேதான் சொல்றான்” என்றார் அண்ணி. “நல்லதுதானே? எண்பத்தாறு கிலோ. ஒக்கார்றதுல கூட அவனுக்கு ஒரு அவசரம். தொப்புனு ஒக்காந்தா எந்தக் கட்டில் தாங்கும்?”

அவர் சிரித்தார். “இரும்பே தாங்கலக்கா. தேக்கு பாவம்.”

ஓசூரிலிருந்து மகள் சுபாஷிணியும் போனில் இதையே பாடினாளாம். எழுபத்தைந்துக்கு வந்தால்தான் பேசுவேன் என்றாளாம்.

“பழைய கட்டில்தானே அது” என்றேன், சப்பாத்தியைப் பார்த்துக்கொண்டு.

“பழசுன்னா இன்னா? ஒங்கப்பா பாத்துப் பாத்து வாங்கின இரும்பு. நானே டெப்போல இரும்போட கெடந்தவன், எனக்குத் தெரியாதா? என் ஒடம்புதான் கோமு.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அம்பத்தூரிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது.

அக்டோபர் 29

ஆபீஸ் முடிந்து பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றுக்குப் போனேன். ஏசி. கட்டில்கள் எல்லாம் கல்யாண மேடை மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்கள். விற்பனைப் பையன்களில் டை கட்டிய ஒருவர் என்னோடு ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு கட்டிலுக்கும் கால்மாட்டு மூலையில் போய் என் முழு எடையும் இறங்குகிற மாதிரி உட்கார்ந்தேன். எழுந்து மறுபடியும் உட்கார்ந்தேன். நாலாவது கட்டிலில் அவர் பொறுக்க மாட்டாமல் சொன்னார்:

“மேடம், நடுவுல ஒக்காந்து பாருங்க. மூலையில யாரும் ஒக்கார மாட்டாங்க.”

“எங்க வீட்டுல உக்காருவாங்க.”

அடியில் பெட்டி வைத்த கட்டிலைத் தூக்கிக் காட்டினார். குளிர்காலப் போர்வை, பழைய பாத்திரம் எல்லாம் போட்டுக்கொள்ளலாமாம். பலகை தரைவரை அடைத்திருந்தது. எங்கள் தரை வியர்க்கும், காற்றுக்கு வழி இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில் காளான் முளைக்கும் என்றேன். அதற்கு வாசனைப் பாக்கெட் இருக்கிறது என்றார். நான் எழுந்து ஐந்தாவது கட்டிலின் மூலைக்குப் போனேன்.

அளவுதான் பெரிய தலைவலி. அவர் வாக்கர் வைத்து நடக்க இரண்டரை அடியாவது வேண்டும். ஐந்தடிக் கட்டில் போட்டால் கதவு திறக்காது. மூன்றடிக் கட்டில் போட்டால் எல்லாம் சரியாக வரும். ஆனால் மூன்றடியில் ஒருவர்தான் படுக்கலாம். நான் ஹாலில் படுக்க வேண்டும். அவருக்கு அது சம்மதமா என்று போனில் கேட்க நினைத்தேன். சம்மதம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 31

சுபாஷிணி பதினோரு கட்டில்களின் படத்தை அனுப்பியிருக்கிறாள். “ஒண்ணை செலக்ட் பண்ணும்மா, நான் ஆர்டர் போடறேன். அவங்களே வந்து மாட்டிக் கொடுப்பாங்க.”

எல்லாம் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. எங்கள் ஆபீஸ் மேஜையும் அந்த ஜாதிதான். போன வருஷ மழையில் ஒரு நாள் கணுக்கால் அளவுத் தண்ணீர் வந்தது. மேஜையின் கால்கள் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி உதிர்ந்தன. சொன்னேன்.

“சரி, அப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எஸ்.எஸ். பாரு. ஆமா, அந்தக் கட்டில் எப்படிம்மா உடைஞ்சுது? பொங்கலுக்குத்தானே பெயின்ட் அடிச்ச? புதுசு மாதிரி இருந்துச்சே.”

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பில் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. அம்பத்தூர் போகவில்லை.

மழை பத்து மணிக்கே நின்றுவிட்டது. போகவில்லை.

நவம்பர் 4

மார்க்கெட் பின்னால் தஸ்தகீர் என்பவரின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. எங்கள் பிளாக்குக்கு கேட் செய்து கொடுத்தவர். நாற்பது வயது இருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், இரும்பைத்தான் பார்ப்பார். இந்த ஈரத்துக்கு எந்தக் கட்டில் தாங்கும் என்று கேட்கப் போனேன். கூடவே மஞ்சள் பையில் ஒரு பொருளைச் சுற்றி எடுத்துப் போனேன்.

இங்கே ஒன்றை எழுதிவிடுகிறேன். இரும்புக் கடைக்குப் போனது மூன்று காலோடுதான். நாலாவது கால் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

“பக்கத்து வீட்டுக் கட்டில் கால் இது. எதனால இப்படி ஆச்சுன்னு கேட்டாங்க” என்றேன்.

தஸ்தகீர் காலைத் தலைகீழாகப் பிடித்தார். அடியில் மாட்டியிருந்த ரப்பர் புஷ்ஷை உருவினார். அதற்குள்ளிருந்து டீத்தூள் மாதிரி துரு கொட்டியது.

“இதான்க்கா. தரையில கோடு விழாது, சத்தம் வராதுன்னு புஷ் மாட்டுவீங்க. டெய்லி ஈரத் துணி போட்டுத் தொடைப்பீங்க. தண்ணி புஷ்ஷுக்குள்ள போய் உக்காந்துக்கும். வெளிய வர வழியில்ல. வெளிய இருந்து பாத்தா பளபளான்னு இருக்கும், உள்ள தின்னுட்டே வரும்.” புஷ்ஷுக்கு மேலே விரலை வைத்தார். “இங்க பாரு, வெளியவும் வந்துடுச்சு. பழுப்பு வளையம் தெரிஞ்சிருக்கும். அதும்மேல சில்வர் பெயின்ட் அடிச்சிருக்காங்க. ஒரு தரம் இல்ல, ரெண்டு மூணு கோட்டிங். பெயின்ட்டுதான் கட்டிலைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்துது.”

“தெரியாம அடிச்சிருப்பாங்க.”

“தெரியாம எப்படிக்கா அடிப்பாங்க? துரு மேல பிரஷ் போறப்ப கையில தெரியுமே, சொரசொரன்னு.”

முதல் முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பையில் போட்டுக் கொடுத்தார். உட்கார ஸ்டூல் போட்டு டீயும் சொன்னார். எஸ்.எஸ். நல்லதுதான், ஆனால் மெல்லிய தகடாக இருந்தால் வெல்டிங் இடத்தில் விட்டுவிடும் என்றார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் கட்டியாகச் செய்யலாம், பைப்பின் வாய்களை அடைத்துவிடலாம், காலுக்கு அடியில் ரப்பருக்குப் பதில் கெட்டி நைலான் கட்டை வைக்கலாம், மேலே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கலாம், அப்போது மெத்தைக்கு அடியில் காற்று போகும் என்றார்.

“அளவு சொல்லுக்கா. ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 5

எழுதிவிடலாம். இதை யாரும் படிக்கப்போவதில்லை. அவருக்கு ஒரு நாளுக்கு மேல் டைரி தாங்காது.

அந்தக் கட்டில் என் கல்யாணச் சீர். இருபத்தெட்டு வருஷம் முன்னால் அவர்கள் வீட்டில் தேக்குக் கட்டில் எதிர்பார்த்தார்கள். அப்பாவால் முடிந்தது இரும்பு. சீர் இறங்கிய அன்று, வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது, வேதவல்லி அண்ணி சொன்னார்: “இரும்புக் கட்டிலா? ஆஸ்பத்திரி வெக்கப்போறீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஒவ்வொரு போகிக்கும் இவர் கேட்பார், “இந்தக் கட்டிலைப் போட்டுட்டு வேற வாங்கலாமா கோமு?” ஒவ்வொரு போகிக்கும் நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஊரே பழையதைக் கழிக்கும் நாளில் எங்கள் வீட்டில் மட்டும் பழையதற்கு வெள்ளிப்பூச்சு நடக்கும்.

இந்த வருஷப் போகியன்று வாசல் பக்கத்துக் கால் உட்காரும்போதெல்லாம் க்ரீச் என்றது. பழுப்பு வளையம் இருந்தது. பிரஷ் சொரசொரவென்று போயிற்று. தஸ்தகீர் சொன்னது சரிதான், கையில் தெரிந்தது. மறுநாள் பொங்கலுக்கு அண்ணி வருவார். அந்தச் சத்தம் அவர் காதில் விழக் கூடாது. பெயின்ட் காய்ந்ததும் பிளாக்கில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தலைகால் மாற்றித் திருப்பிப் போட்டேன். அந்தக் கால் ஜன்னல் மூலைக்குப் போய்விட்டது. அங்கே யாரும் உட்காருவதில்லை.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து ஏன் என்று கேட்டார். காற்றுக்காக என்றேன். “ஜன்னலோரம் இருந்தா உங்களுக்குக் காத்து வரும்.”

மே மாதம் ரிட்டையர் ஆனார். அதற்கு மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு டீ டம்ளரோடு ஜன்னல் மூலையில் போய் உட்கார ஆரம்பித்தார்.

ஐந்து மாதம். தினமும் பார்த்தேன். சேரில் உட்காருங்களேன் என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். “இங்கதான் சூப்பரா காத்து வருது கோமு” என்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம், ஆயுத பூஜைக்குப் பிறகு சொல்லிவிடலாம், தீபாவளிக்குக் கட்டிலையே மாற்றிவிடலாம் என்று நானே எனக்கு வாய்தா வாங்கிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7

தூக்கம் இல்லை. மனுவில் மூன்று இடத்தில் ‘மனுதாரர்’ என்பதற்குப் பதில் ‘எதிர்மனுதாரர்’ என்று அடித்துவிட்டேன். வக்கீல் சார் உடம்பு சரியில்லையா என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்பத்தூர். அவர் வாக்கரில் ஹால்வரை நடக்கிறார். கன்னம் ஒட்டியிருக்கிறது. எண்பத்திரண்டு கிலோவாம், பெருமையாகச் சொன்னார். உட்காரும் முன் கட்டிலின் சட்டத்தை ஒரு தட்டு தட்டிப் பார்க்கிறார். ஸ்டூலையும் தட்டுகிறார். டாய்லெட் சேரையும் தட்டுகிறார் என்று அண்ணி சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கண் அசந்த பிறகு அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“எதுக்கு கோமளா கடை கடையா அலையற? இந்தத் தேக்குக் கட்டிலையே எடுத்துக்கிட்டுப் போ. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் நான் ஹால்லதான் படுக்கறேன். சும்மாதானே கெடக்கு.”

நிஜமாகத்தான் சொன்னார். அண்ணியின் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கைப்பையில் இன்ச் டேப் இருந்தது. போய் அளந்தேன். ஐந்தடி அகலம், கழற்ற முடியாத தலைமாடு. எங்கள் கதவில் நுழையவே நுழையாது. அளக்கும்போது நுழையக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் அளந்தேன்.

“நுழையாது அண்ணி. எங்களுக்கு இரும்புதான் லாயக்கு. நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே, ஆஸ்பத்திரி வெக்கப்போறீங்களான்னு.”

சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது. அண்ணி என்னையே பார்த்தார்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“எங்க சீர் எறங்குன அன்னிக்கு. வாசல்ல நின்னு.”

“நானா? அப்பிடியா சொன்னேன்?” யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், எனக்கு முகம் படிக்கத் தெரியும். “ஞாபகமே இல்லடி. சொல்லியிருப்பேன், என் வாய் சும்மா இருக்காது. அய்யோ, அதையா இத்தினி வருஷமா மனசுல வெச்சிட்டு இருந்த? அன்னிக்கே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

முறுக்குச் சுட்டிருந்தார். ஒரு டப்பா கட்டிக் கொடுத்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷா வருஷம் பெயின்ட் அடித்தேன். சொன்னவருக்கு ஞாபகமே இல்லை. பஸ்ஸில் மடியில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை, என்னைத் தவிர.

நவம்பர் 11

தஸ்தகீரிடம் சொல்லிவிட்டேன். ஜி.ஐ. பைப், இருபது அங்குல உயரம், மேலே சட்டங்கள். இரும்பா தேக்கா என்ற கேள்வி இப்போது எனக்கு இல்லை. இந்த ஈரத்துக்கு எது நிற்கும் என்பது மட்டும்தான்.

அளவு நாலடி. கதவு இடிக்கும் என்றேன். அவர் வந்து பார்த்தார். மழையில் ஊறிக் கதவு எப்படியும் சாத்த வருவதில்லை.

“கதவைக் கழட்டிடுக்கா. வீட்ல ரெண்டே பேரு. யாருக்கு மறைக்கப்போற?”

கழற்றச் சொல்லிவிட்டேன். இப்போது கதவு சமையலறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அறைக்குத் திரை தைக்க வேண்டும்.

நவம்பர் 15

திரை தைத்தேன். நீளம் குறைந்துவிட்டது. பிரித்துத் தைத்தேன்.

நவம்பர் 18

கட்டில் வந்தது. பட்டறையாட்கள் துண்டு துண்டாகக் கொண்டு வந்து போல்ட் போட்டு மாட்டினார்கள். தஸ்தகீர் ஒவ்வொரு மூலையிலும் ஏறி நின்று குதித்துக் காட்டினார். எனக்கு யாரும் சொல்லாமலே நானும் நாலு மூலையிலும் உட்கார்ந்தேன். ஜன்னல் மூலையில் மட்டும் மூன்று தடவை.

“நீ குதிச்சாலும் ஒண்ணும் ஆவாதுக்கா” என்றார். “ஆறு மாசத்துக்கு ஒரு தரம் குனிஞ்சு பாரு. பாத்துட்டு சும்மா இராத, என்கிட்ட வந்து சொல்லு.”

பக்கத்து வீட்டுக் கட்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நவம்பர் 22

நாளை வருகிறார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதிலேயே வரிசை நம்பர் போட்டு டைப் அடித்துப் பார்த்தேன். எட்டு பாரா வந்தது. ஒன்றும் சரியில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பதினோரு மணிக்கு டாக்ஸி வந்தது. அண்ணி கூடவே வந்து, கட்டிலைத் தடவிப் பார்த்து, “நல்லா அம்சமா இருக்கு” என்று சொல்லி, அதே டாக்ஸியில் திரும்பிவிட்டார்.

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். கதவைக் காணோமே என்றார். சொன்னேன். கட்டிலைப் பார்த்தார். கிட்டே போய்ச் சட்டத்தைத் தட்டினார். உட்காரவில்லை.

“உக்காருங்க.”

“இரு கோமு. கொஞ்சம் நிக்கறேன்.”

ஐந்து நிமிஷம் நின்றார். வாக்கர் நடுங்க ஆரம்பித்தது.

“ஹால்ல அந்தப் பெரிய சேரைப் போடு. இன்னிக்கு அதுலயே சாஞ்சுக்கறேன். புதுசு இது. மொத நாளே ஒடச்சேன்னு வேணாம். எண்பத்தோரு கிலோ இருக்கேன் இன்னும்.”

எட்டு பாராவும் மறந்துவிட்டது.

“அதை உடைச்சது நீங்க இல்ல” என்றேன். “அந்தக் கால் துருப்பிடிச்சு இத்துப்போயிருந்துது. போகியன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மேல பெயின்ட் அடிச்சேன். அண்ணிக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தக் காலை ஜன்னல் மூலைக்குத் திருப்பிப் போட்டேன். நீங்க அங்க உக்கார ஆரம்பிச்சப்பவும் சொல்லல. அஞ்சு மாசம் பாத்துட்டே இருந்தேன், சொல்லல.”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“காத்துக்குன்னு சொன்னியே.”

“பொய்.”

கால் தாங்காமல் கட்டிலின் வாசல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாசற்படியில் நின்றேன். தண்ணீர் கொண்டுவந்தேன், வாங்கவில்லை. கீரை விற்பவர் கத்திக்கொண்டே போனார். எதிர்வீட்டில் டிவி ஓடியது. திரும்பவும் அம்பத்தூருக்கே போகிறேன் என்று சொன்னால் டாக்ஸிக்கு யாரைக் கூப்பிடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“நாப்பத்தஞ்சு நாளா நான் சோறு திங்கல, கோமு.”

அவ்வளவு சின்னக் குரலில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாத!” இப்போதுதான் கத்தினார். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அக்கா மீன்கொழம்பு வெச்சா. மோந்து பாத்துட்டு சப்பாத்தி தின்னேன். ஒக்கார்றதுக்கே பயம் எனக்கு. டாய்லெட்ல ஒக்காரப் பயம். என் பொண்ணு என்னை ஃபோன்ல திட்றா, நான் சாரி கேக்கறேன். நீ பாத்துட்டே இருந்த.”

“ஆமா.”

“ஒரு வார்த்தை. ஏங்க, அங்க ஒக்காராதீங்க, கால் ஆட்டம் குடுக்குதுன்னு ஒரு வார்த்தை. நான் வெல்டு வெச்சு ரெடி பண்ணியிருப்பேனே!”

அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. துரு என்று சொன்னால் கட்டில் போய்விடும் என்று மட்டும்தான் தோன்றியது. முப்பத்தோரு வருஷம் பஸ்களை ரிப்பேர் செய்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு.

“அந்தக் கால் எங்க?” என்றார்.

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

“கடையில போட்டுட்டேன்னு சொல்லாத. எதையும் தூக்கிப் போடற ஆளா நீ?”

சிலிண்டருக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெப்போவில் இப்படித்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். இரும்பு உதிர்ந்து லுங்கியில் விழுந்தது.

“புஷ்ஷுக்குள்ள தண்ணி” என்றார் ஒரே பார்வையில். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே, “டெப்போல படுத்துப் படுத்து எங்கடா துருன்னு தேடினேன். என் கட்டிலுக்கடியில ஒரு நாள் குனிஞ்சு பாத்தேனா?” என்றார்.

“நான் பாத்தேன்.”

“ம்.”

சமாதானம் என்று அதைச் சொல்ல முடியாது. முகம் அப்படியே இறுகித்தான் இருந்தது.

“அண்ணிகிட்டயும் சுபாகிட்டயும் நானே சொல்லிடறேன்” என்றேன். “இன்னிக்கே.”

“சுபாகிட்ட சொல்லு. அவ என்கிட்ட சாரி கேக்கணும்.” காலைக் கீழே வைத்தார். “அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கு என் வெயிட்டுன்னே இருக்கட்டும்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“நின்னுட்டே இருக்காத. போய் ஒலைய வை” என்றார்.

மூன்று ஆழாக்கு போட்டேன். ரசம் மட்டும்தான் வைக்க நேரம் இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். என்னோடு பேசவில்லை.

நவம்பர் 24

ஆபீசுக்கு லீவு. தரையை உலர்ந்த துணியால் துடைத்தேன். குனிந்து நாலு காலையும் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு டீ போட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் வாக்கரை மெல்ல நகர்த்திக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஜன்னல் மூலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். டீ சிந்திவிட்டது. சட்டத்தைத் தட்டாமல் உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இடத்தைக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

பக்கத்து பிளாக் சுவரில் பாசி படர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இந்த ஜன்னல்ல காத்தே வராது கோமு” என்றார். “மொத நாளே தெரியும் எனக்கு.”

“அப்புறம் எதுக்குத் தெனமும் இங்க வந்து உக்காந்தீங்க?”

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

“எனக்காகன்னு திருப்பிப் போட்டியே.”